மு. கருப்பையா, க. முத்தையா: எந்தப் பத்திரம் எந்தத் தாத்தாவுடையது?

மானாமதுரையான்

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதமாக ஒரு தகரப்பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஊரில் பழைய வீட்டை இடிக்கும்போது பரணிலிருந்து இறங்கியது. உள்ளே ஒரு கிரயச் சீட்டு, ஒரு புரோநோட்டு, நாலைந்து மொய் நோட்டு, எலி கடித்த ஜாதகம்.

எங்கள் வீட்டில் பெரும்பாலும் தலைமகனுக்குத் தாத்தா பெயர்தான். அப்பா முத்தையா. தாத்தா கருப்பையா, 1921ல் பிறந்தவர். பூட்டன் முத்தையா. ஓட்டன் மறுபடியும் கருப்பையா. அதற்கு மேலே யாரென்று தெரியாது, ஆனால் முத்தையாவாகத்தான் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஆகவே இனிஷியலும் கைகொடுக்காது. ஒரு தலைமுறை க.மு., அடுத்தது மு.க., அப்புறம் மறுபடி க.மு.

கிரயச் சீட்டில், "துந்துபி வருஷம் மாசி மாதம் 9ந் தேதி, காலஞ்சென்ற கருப்பையா குமாரன் முத்தையா எழுதிக்கொடுத்தது" என்று இருக்கிறது. ஆங்கில வருஷம் இல்லை. முத்திரை இருந்த மேல்பகுதியைச் செல் தின்றுவிட்டது. 85 ரூபாய்க்கு ஒரு புஞ்சை விற்றிருக்கிறார். விற்றவர் என் பூட்டனா, பூட்டனுடைய தாத்தாவா?

இரண்டாவது குழப்பம். புரோநோட்டில் 1928 என்று தெளிவாகவே இருக்கிறது. 40 ரூபாய் கடன் வாங்கியவர் "மு. கருப்பையா". அந்த வருஷம் என் தாத்தாவுக்கு ஏழு வயது! அப்பத்தா உயிரோடு இருந்தபோது, "உங்க தாத்தாவோட அண்ணன் ராசு பர்மாவுக்குப் போனவரு, வரவே இல்ல" என்பார். தாத்தாதான் தலைமகன். அவருக்கு எங்கிருந்து அண்ணன் வந்தார்? அப்படி ஒருவர் இருந்திருந்தால் கருப்பையா என்ற பெயர் அவருக்கல்லவா போயிருக்கும்?

கணினித்தாசன்

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

மேலமாசிவீதி

தம்பி, இணையத்தில் வில்லங்கம் பெரும்பாலும் 1975லிருந்துதான் வரும். அதற்கு முந்தையதற்கு அந்தந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டுக் கையால் தேட வைக்க வேண்டும். அதுவும் பத்திரம் பதிவாகியிருந்தால்.

முப்பது வருஷம் பத்திர எழுத்தராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பதிவான பத்திரம் என்றால் பின்பக்கத்தில் "1 புத்தகம், இத்தனாவது தொகுதி, இந்த எண்" என்று எழுதிச் சார்பதிவாளர் ஒப்பமிட்டிருப்பார். அதில் வருஷமும் இருக்கும். உங்கள் சீட்டில் அது இல்லை என்று நினைக்கிறேன். 1882ல் வந்த சொத்து மாற்றுச் சட்டப்படி நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயத்தைப் பதிந்தே ஆக வேண்டும் என்பதில்லை, நிலத்தை ஒப்படைத்தாலே போதும். 85 ரூபாய் என்பது அதனால்தான் உறுத்துகிறது. 1863ஆக இருந்தாலும் இதே கதைதான், ஏனென்றால் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டமே 1864ல்தான் வந்தது.

துந்துபி அறுபதில் 56ஆவது. 1922-23 ஒன்று, 1862-63 ஒன்று. உங்கள் வீட்டில் தாத்தாவுக்கும் பேரனுக்கும் இடைவெளி ஏறக்குறைய அறுபது வருஷம். ஆளும் திரும்பி வருகிறார், ஆண்டும் திரும்பி வருகிறது. 1863 மாசியில் ஒரு கருப்பையா மகன் முத்தையா, 1923 மாசியில் இன்னொரு கருப்பையா மகன் முத்தையா. இரண்டுமே கணக்குக்குப் பொருந்தும். இப்படி ஒரு முடிச்சை நான் பார்த்ததில்லை.

முத்திரைத்தாள் தலைப்பு இருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். விக்டோரியா ராணி என்றால் 1901க்குள், ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1910க்குப் பின். சரி, போனது போகட்டும். வாசகத்தில் பசலி, அதாவது வருவாய்க் கணக்கு ஆண்டு, ஏதாவது வருகிறதா? பசலி 1332 என்றால் 1922 ஜூலையிலிருந்து 1923 ஜூன் வரை. தெற்கத்திப் பத்திரமாக இருந்தால் கொல்லம் ஆண்டு போட்டிருப்பார்கள், அதோடு 825ஐக் கூட்டிக்கொள்ளலாம். எதுவும் இல்லையென்றால் நான்கெல்லையை ஒரு எழுத்து விடாமல் தட்டச்சு செய்து போடுங்கள்.

மானாமதுரையான்

பசலி இல்லை. சர்வே நம்பரும் இல்லை. நான்கெல்லை இதுதான், எழுத்து அப்படியே:

"கண்மாய் உள்வாய் கரைக்குத் தெற்கு, சோணை புஞ்சைக்கு வடக்கு, வண்டிப் பாதைக்குக் கிழக்கு, ரெயில் ரஸ்தாவுக்கு மேற்கு, இதன் மத்தியில் உள்ள புஞ்சை குறுக்கம் 1"

மேலமாசிவீதி

ரெயில் ரஸ்தா! முடிந்தது ஐயா வேலை. மதுரைக்கே ரயில் 1875ல்தான் வந்தது. மதுரையிலிருந்து மானாமதுரை வழியாக மண்டபம் வரை 1902ல் போட்டார்கள். 1863ல் உங்கள் புஞ்சைக்குக் கிழக்கே கருவேலமரம்தான் நின்றிருக்கும். எழுதிக்கொடுத்தவர் உங்கள் பூட்டன். 1923, பிப்ரவரி.

சர்வே நம்பர் ஏன் இல்லை என்று யோசிக்க வேண்டாம். உங்கள் பகுதி சிவகங்கை ஜமீன். தஞ்சாவூர்ப் பக்கம்போலக் குடியானவர் நேராக அரசுக்கு வரி கட்டும் ரயத்துவாரி இல்லை. கணக்கெல்லாம் ஜமீன் அலுவலகமான கச்சேரியில். 1948ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகுதான் அரசு செட்டில்மெண்ட் செய்து எண் கொடுத்தது. அதனால்தான் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு 1950க்கு முன்னால் நில ஆவணம் என்று போனாலே முட்டுச்சந்து.

கணினித்தாசன்

வெளிநாட்டுக்காரர்கள் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளை வைத்தே இருநூறு வருஷம் பின்னால் போய்விடுகிறார்களே? நம்மிடமும் 1881லிருந்து கணக்கெடுப்பு இருக்கிறதே.

ஆவணப்பித்தன்

தொகை இருக்கிறது, ஆள் இல்லை. வீட்டுக்கு வீடு எழுதிய தாள்களை எண்ணி முடித்ததும் நம் நாட்டில் பாதுகாப்பதில்லை. 1948ஆம் வருஷச் சட்டப்படி அவற்றைப் பொதுமக்கள் பார்க்கவும் முடியாது. உங்கள் ஊரில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று 1891 அறிக்கை சொல்லும், உங்கள் ஓட்டன் இருந்தாரா என்று சொல்லாது.

பிறப்பு இறப்புப் பதிவுக்கு மதராஸ் மாகாணத்தில் 1899லேயே சட்டம் உண்டு. கிராம முன்சீப்புதான் எழுதுவார். அதைத் தேடிப் போனால், பெயர் வைப்பதற்கு முன்பே பதிந்திருப்பதால் "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். அப்பா பெயர் முத்தையா. ஊரில் எட்டு முத்தையா. அப்புறம் என்ன செய்வீர்கள்?

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் குடும்பத்துக்கு மானியம், அதாவது ஊர் ஊழியத்துக்காக விட்ட நிலம், ஏதாவது இருந்ததா? பூசாரி மானியம், வேளார் மானியம், நாவிதர் மானியம், தலையாரி, வெட்டியான், மேளம், எதுவாக இருந்தாலும் சரி. 1860களில் இனாம் கமிஷன் ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு மானியத்தையும் யார் அனுபவிக்கிறார், அவருக்கு யாரிடமிருந்து வந்தது என்று பதிவேட்டில் ஏற்றியது. பெரிய பண்ணைக்காரரின் தாத்தாவைவிட ஊருக்குச் சட்டி செய்தவரின் தாத்தாவைச் சுலபமாகக் கண்டுபிடிக்கும் ஒரே இடம் அதுதான். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் விசாரியுங்கள்.

மானாமதுரையான்

மானியம் எதுவும் கிடையாது. வானம் பார்த்த புஞ்சைதான். பூட்டன் கணக்கு தீர்ந்ததில் பாதி பாரம் இறங்கியது. மேலமாசிவீதி ஐயாவுக்கு நன்றி. ஆனால் ராசு?

சுன்னாகத்தான்

இழையை முதலிலிருந்து வாசித்தேன். எங்கட பக்கத்தில் இந்தத் தலையிடி கொஞ்சம் குறைவு, ஏனெண்டால் யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு காணித்துண்டுக்கும் ஒரு பெயர் இருக்கும். ஆளின்ர பெயர் திரும்பத் திரும்ப வந்தாலும் காணியின்ர பெயர் மாறாது. ஒல்லாந்தர் காலத்துத் தோம்பிலயும், அதாவது காணிப் பதிவேட்டிலயும் அந்தப் பெயர், இண்டைக்கு உறுதியிலயும், உங்கட பத்திரம் மாதிரி, அதே பெயர். நாங்கள் காணியைப் பிடிச்சுக்கொண்டுதான் ஆளிட்டப் போறது.

இன்னொண்டு. நீங்கள் எல்லாரும் ஆம்பிளைகளையே தேடுறியள். எங்கட யாழ்ப்பாண வழமைச் சட்டமான தேசவழமைப்படி சீதனம் பொம்பிளைப் பிள்ளைக்குப் போகும், அதுக்கு உறுதி எழுதுவினம். என்ர அம்மம்மாவின்ர அம்மம்மாவரைக்கும் சீதன உறுதியாலதான் போனேன். அப்பா வழியில் மூண்டு தலைமுறைக்கு மேல தெரியாது.

ஆத்தங்குடி ஆச்சி மகன்

எங்கள் நகரத்தாரில் இந்தப் பிரச்சினையே கிடையாது. ஒன்பது கோயிலில் ஏதாவது ஒன்றில் புள்ளி, அதாவது குடும்பக் கணக்கு, இருக்கும். கல்யாணம் ஆனதும் கோயில் கணக்கில் சேரும். பெயருக்கு முன்னால் நாலைந்து இனிஷியல் விலாசமாக நிற்கும். தாத்தா, பூட்டன் எல்லாம் அதிலேயே வந்துவிடுவார்கள்.

ஆவணப்பித்தன்

வாழ்த்துகள். ஆனால் பிள்ளை கூட்டிக்கொண்ட, அதாவது தத்தெடுத்த வீடுகளில் அந்த விலாசம் யாருடைய ரத்தம் என்று சொல்லுமா? விலாசம் தொடர்வதற்காகத்தானே பிள்ளை கூட்டுவதே. கணக்குச் சுத்தமாக இருக்கும், ஆனால் அது குடும்பத்தின் கணக்கு, உடம்பின் கணக்கு இல்லை.

ஆத்தங்குடி ஆச்சி மகன்

ஒத்துக்கொள்கிறேன். என் ஐயாவே பிள்ளை கூட்டி வந்தவர்தான் :)

கணினித்தாசன்

உடம்பின் கணக்கு என்றதும் நினைவு வருகிறது. எச்சிலை அனுப்பி டிஎன்ஏ பார்க்கலாமே?

மருந்தாளுநர்

பார்க்கலாம், ஆனால் அத்தை மகள், மாமன் மகள், அக்கா மகள் என்று நாலைந்து தலைமுறையாகக் கட்டிக்கொண்ட குடும்பங்களில் முடிவு கொஞ்சம் ஏமாற்றும். ஒருவரோடு நமக்கு இரண்டு மூன்று வழியில் உறவு இருக்கும், பொதுவான மரபணுப் பகுதியும் அதற்கேற்பக் கூடுதலாக இருக்கும். கணினி அதைப் பார்த்து நெருங்கிய உறவு என்று சொல்லிவிடும். உண்மையில் ஆறு தலைமுறைக்கு அப்பால் இருப்பார். தந்தைவழி ஒய் குரோமோசோம் மட்டும் ஓரளவு நேர்க்கோடு. அதற்கும் எதிர்முனையில் பரிசோதனை செய்துகொண்ட பங்காளி ஒருவர் வேண்டுமே.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒரு வசதி உண்டு. ஞானஸ்நானப் புத்தகத்தில் ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர் இருக்கும். ஊரெல்லாம் சவரிமுத்துவும் அந்தோணியுமாக இருந்தாலும் ஞானப்பெற்றோரை வைத்துப் பிரித்துவிடலாம். சொந்தத்தில் கட்ட விதிவிலக்கு வாங்க வேண்டியிருந்ததால், திருமணப் பதிவில் எத்தனையாவது முறை உறவு என்றுகூட எழுதியிருப்பார்கள். என் அம்மா வழியில் அப்படித்தான் இரண்டு சவரிமுத்துக்களைப் பிரித்தேன்.

கோத்தகிரிக்காரன்

நாங்கள் இலங்கைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பியவர்கள். 1964 ஸ்ரீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்த குடும்பம். தோட்டத்தில் பெயரைவிட நம்பருக்குத்தான் மதிப்பு. மண்டபம் முகாமில் கழுத்தில் கட்டிவிட்ட தகரத் துண்டில் எந்த வட்டாரம், எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்று பொறித்திருப்பார்கள். அதற்குப் பெயரே "துண்டு". மாட்டுக்குப் போடுகிற மாதிரி. என் அப்பாயி அந்தத் துண்டை அஞ்சறைப் பெட்டியில் வைத்திருந்தார், ஏலக்காயோடு. இன்று அந்த எண்ணை வைத்துத்தான் எங்கள் ஆள் எந்தத் தோட்டத்துக்குப் போனார் என்று தெரிந்தது. அதை நினைத்துச் சந்தோஷப்படுவதா, வயிறெரிவதா என்று தெரியவில்லை.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறியவர்களுக்கும் இதே கதைதான். 1860லிருந்து 1911வரை ஒன்றரை லட்சத்துக்கு மேல் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் வரை எழுதியிருக்கிறார்கள். ஊரிலேயே இருந்தவனுக்கு ஒரு வரி இல்லை, கூலியாகப் போனவனுக்கு மச்சம் முதற்கொண்டு பதிவு. பர்மாவுக்குப் போனவர்களுக்கு இந்த மாதிரி ஒப்பந்தப் பட்டியல் கிடையாது. டிக்கெட் எடுத்துக் கப்பலேறினால் சரி. அதனால் ராசுவை அங்கிருந்து தேட வேண்டாம், ஊரிலிருந்து தேடுங்கள்.

செல்லியம்மன் பேத்தி

நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. ஆனால் இத்தனை ஆண்கள் கூடி ஒரு சின்ன விஷயத்தைக் கோட்டை விடுகிறீர்களே என்றுதான் எழுதுகிறேன்.

மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்ல மாட்டாள். மகனுக்கு அதே பெயரை வைத்துவிட்டார்கள். அப்புறம் அவள் அந்தப் பிள்ளையை என்னவென்று கூப்பிடுவாள்? "ராசு", "தொரை", "பெரியவன்", "ஐயா" என்றுதான். என் அண்ணனுக்குச் சர்டிபிகேட்டில் ஒரு பெயர், அம்மா வாயில் "சாமி". அவன் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத்தான் பாதி ஊருக்கு நிஜப் பெயர் தெரிந்தது.

ஆக, கதையில் வருகிற ராசுவும் காகிதத்தில் வருகிற கருப்பையாவும் ஒரே ஆளாக ஏன் இருக்கக்கூடாது? உங்கள் அப்பத்தா அவரை ராசு என்று சொன்னதற்கும் இதே காரணம்தான். புருஷன் பெயரும் கருப்பையாவாச்சே, அவர் எப்படிச் சொல்வார்?

மேலமாசிவீதி

அம்மா, உங்களுக்கு ஒரு கும்பிடு. இதோடு என் பங்குக்கு ஒன்று. "மு." என்றதும் முத்தையா என்று நாம் எல்லோருமே முடிவு செய்துவிட்டோம். முனியாண்டி, முருகன், முனியசாமி எல்லாம் மு. தானே? பூட்டன் முத்தையாவுக்கு ஒரு அண்ணன் இருந்து, அவருக்கும் முனாவில் பெயர் இருந்தால்? அவருடைய தலைமகனுக்கும் அதே தாத்தா பெயர்தான், கருப்பையா. பெரியப்பா மகனும் அண்ணன்தானே. அப்பத்தா "அண்ணன்" என்றதில் தப்பே இல்லை.

ஆவணப்பித்தன்

அழகாக இருக்கிறது. ஆனால் அழகாக இருப்பதால் உண்மையாகிவிடாது. இதுவரை கையில் இருப்பது ஒரு புரோநோட்டு, ஒரு கிழவியின் பேச்சு, இரண்டு ஊகம். ஊகத்தை ஊகத்தோடு முடிச்சுப் போட்டுத்தான் சாதி வரலாற்றுப் புத்தகங்களில் எல்லோருமே அரச வம்சமாகிவிடுகிறார்கள். ஏதாவது ஒரு காகிதத்தில் முனாவில் தொடங்கும் அந்த அண்ணன் வரட்டும், நம்புகிறேன்.

செல்லியம்மன் பேத்தி

மொய் நோட்டைப் பார்த்தீர்களா? தகரப்பெட்டியில் இருந்ததாக முதலிலேயே எழுதியிருந்தீர்கள், ஒருவரும் கேட்கவில்லை. பங்காளி மொய் எழுதமாட்டார்கள், ஆனால் தாய்மாமன் வரிசை முதலில் வரும், ஊர்ப் பெயரோடு. உங்கள் குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி நோட்டு இருக்குமே, அதுதான் பங்காளிகளுக்கு. கல்யாணமான ஒவ்வொரு ஆணுக்கும் ஒரு வரி. இரண்டு கருப்பையா இருந்தால் வரி வசூலிப்பவன் பிரித்து எழுதித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் பணம் குறையுமே!

மானாமதுரையான்

போய்வந்தேன். கோயில் பூசாரி முதலில் தரமாட்டேன் என்றார். வரிப்பாக்கி கணக்கெடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். என் அப்பாவின் மூன்று வருஷப் பாக்கி இருந்தது உண்மைதான், அதைக் கட்டிய பிறகு நோட்டு வெளியே வந்தது. நீளவாக்கில் தைத்த பேரேடு, மஞ்சள்பொடியும் திருநீறும் ஒட்டி ஏடுகள் விறைத்துக் கிடந்தன. மூன்று நோட்டு. 1926 முதல் 1933 வரை ஒன்று, 1934 முதல் 39 வரை ஒன்று, 1947லிருந்து ஒன்று.

1929 சிவராத்திரி வரியில் அடுத்தடுத்து இரண்டு வரி:

"கருப்பையா மகன் முத்தையா"
"மேற்படி அண்ணன் முனியாண்டி மகன் கருப்பையா என்கிற ராசு, ரெங்கோன்"

ஆவணப்பித்தன் சார், போதுமா?

ஆவணப்பித்தன்

போதும். தொப்பியைக் கழற்றிவிட்டேன். ஆனால் ஒரு கேள்வி. கல்யாணமான ஆணுக்குத்தான் வரி என்றார்கள். ராசுவுக்கு மனைவி?

மானாமதுரையான்

அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. பூசாரி சொல்வது வேறு. எங்கள் கோயிலில் அப்பா இல்லாத தலைமகனுக்குக் கல்யாணம் ஆகாவிட்டாலும் தலைக்கட்டு உண்டாம். முனியாண்டி அதற்குள் இறந்திருக்கிறார். அப்படியானால் 40 ரூபாய் நோட்டு, அநேகமாகக் கப்பல் செலவு. கொடுத்தவர் என் பூட்டன். அதனால்தான் எங்கள் பெட்டியில் கிடந்திருக்கிறது. பின்பக்கத்தில் வரவு எதுவும் எழுதவில்லை.

சுன்னாகத்தான்

அந்த நோட்டில பொம்பிளையளின்ர பெயர் ஒண்டும் இல்லையோ?

மானாமதுரையான்

ஒரே ஒரு பெயர் இருக்கிறது. விதவைக்கு அரை வரி என்று கணக்கு. ஆனால் மகன் முழு வரி கட்டினால் தாய்க்குத் தனி வரி இல்லை.

1929லிருந்து 1939 வரை ஒவ்வொரு வருஷமும் ராசு பெயரில் முழு வரி வரவாகியிருக்கிறது. பக்கத்தில் "ரெங்கோன்". பணம் யார் கொடுத்தது என்ற இடத்தில் எல்லா வருஷமும் "தாயார் ராக்கம்மாள்". ஒரு வருஷம் பணத்துக்குப் பதில் "கேப்பை மரக்கால் 2".

1947 நோட்டில் ராசு பெயர் இல்லை. அந்த இடத்தில், "முனியாண்டி பெண்சாதி ராக்கம்மாள், அரை வரி".

இடையில் 1940 முதல் 46 வரைக்கான நோட்டு கோயிலில் இல்லை. பர்மாவில் ஜப்பான் குண்டு போட்டதும், ஜனங்கள் அங்கிருந்து நடந்தே வந்ததும் அந்த வருஷங்களில்தான். பழைய பூசாரியின் மகள் வீடு திருப்புவனத்தில் இருக்கிறதாம், அங்கே ஒரு மூட்டை கிடக்கலாம் என்கிறார். ஆடி வெள்ளிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.